மஹியாவை: ஏ-9 வீதி தொடங்கும் இடம்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்டி நகரின் ஏதாவதொரு பகுதியைப் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, தலதா மாளிகை, குளம், பெரஹரா என்று அவர் எதிர்பார்த்திருப்பார். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தங்கைமாருக்கும் அவைதான் ஞாபகத்தில் நிற்கும். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த கண்டியும் அதுதான். அதைப் பற்றி இந்த மலரிலேயே மூன்று கட்டுரைகள் வருவதாக அறிகிறேன். நான் வாழ்நாளெல்லாம் புவியியல் படிப்பித்தவள். எனக்கு ஓர் இடத்தைக் கொடுத்தால் முதலில் அங்கே எந்த வழியால் போகலாம் என்றுதான் பார்ப்பேன். ஆகவே இன்றைக்கு உங்களை மஹியாவைக்கு அழைத்துக்கொண்டு போகிறேன்.

சபையில் இரண்டொருவர் திரும்பிப் பார்த்துக்கொள்வது தெரிகிறது. பரவாயில்லை.

மணிக்கூண்டடியில் தொடங்குவோம். அந்த மணிக்கூண்டே ஒரு கதை. மகனைப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தந்தை, மகனின் நினைவாகக் கட்டி நகரத்துக்குக் கொடுத்தது அது. 1950 டிசம்பரில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க திறந்துவைத்தார். அவருடைய பெயரைத்தான் பிறகு திருகோணமலை வீதிக்கு வைத்தார்கள். எங்கள் அம்மாமார் கடைசிவரை அதைத் திருகோணமலை வீதி என்றே சொன்னார்கள். அந்த வீதியில் வடக்கு நோக்கி நடந்தால் புடைவைக் கடைகள், பாத்திரக் கடைகள் கழிந்து, 1872இல் தொடங்கிய திரித்துவக் கல்லூரி வரும். பிறகு புனித அந்தோனியார் பேராலயம். இடது கைப்பக்கம் மேட்டில் அஸ்கிரிய. சியாம் நிக்காயவின் இரண்டு பீடங்களில் ஒன்றான அஸ்கிரிய விகாரையும், 1983 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவோடு கண்டியின் முதல் டெஸ்ட் போட்டி நடந்த மைதானமும் அங்கேதான். 2007 டிசம்பரில் நம்ம கண்டிப் பிள்ளை முரளிதரன் 709ஆவது விக்கெட்டை வீழ்த்தி உலக சாதனையைத் திரும்பப் பிடித்ததும் அதே மைதானத்தில்தான். புவியியல் பேச வந்து கிரிக்கெட் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு மைல் தூரத்துக்குள் விகாரை, பேராலயம், கிறிஸ்தவக் கல்லூரி, முஸ்லிம்களின் கடைவீதி எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதைக் காட்டத்தான் சொன்னேன். அந்த மைலின் முடிவில் மஹியாவை.

மாத்தளைக்குப் போகும் ரயில் அங்கே மலைக்குள் புகுந்து வெளியே வருகிறது. கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். மாத்தளைவரை பாதை நீண்டது 1880இல். கண்டி நிலையத்தை விட்டால் அஸ்கிரிய, மஹியாவை என்று சின்னச் சின்ன தரிப்புகள். சுரங்கத்தைத் தெரியாத கண்டிப் பிள்ளை இல்லை. ஆனால் அந்த இடத்தின் பெருமையை ரயிலில் தேட வேண்டாம், றோட்டில் தேடுங்கள். யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி எங்கே தொடங்குகிறது? யாழ்ப்பாணத்து உறவுகளிடம் கேட்டால் வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று சொல்வார்கள். அது தொடங்குவது கண்டியில். மஹியாவை, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மாத்தளை, தம்புள்ள என்று போய், 320 கிலோமீற்றர் அளவு ஓடி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் எத்தனையோ பேரின் நெஞ்சில் கிடக்கிற அந்த வீதியின் முதலாவது குடியிருப்புகளில் ஒன்று மஹியாவை.

இதே திசையால்தான் நம்மில் பாதிப் பேரின் முன்னோரும் வந்தார்கள். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வள்ளத்தில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டு வழியாகத் தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். மிஞ்சியவர்கள் மாத்தளைப் பக்கமிருந்து கண்டிக்குள் இறங்கினார்கள். ஊரில் அவர்களைக் 'கண்டிச் சீமைக்குப் போனவர்கள்' என்றார்கள். முழு மலைநாட்டுக்கும் அந்தப் பெயர்தான். தோட்டத்துக்குப் போனவர்களின் கதையை நாம் ஓரளவு எழுதியிருக்கிறோம், பாடியிருக்கிறோம். டவுனுக்குள்ளேயே நின்றுவிட்டவர்களின் கதையை யாரும் அவ்வளவாக எழுதவில்லை.

கண்டியில் தமிழர் என்றால் பலவகை. 1739 முதல் 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தம்வரை கண்டியை ஆண்ட கடைசி நான்கு அரசர்களும் நாயக்கர் வம்சத்தவர்கள். அவர்களுடைய சொந்தக்காரர் குடியிருந்த வீதி மலபார் வீதி என்று இன்றும் வழங்குகிறது. அரண்மனைத் தமிழர், கடைத் தமிழர், கச்சேரிக்கும் ரயிலுக்கும் உத்தியோகம் பார்க்க வடக்கிலிருந்து வந்த தமிழர், தோட்டத் தமிழர். முதல் மூன்று கூட்டத்தையும் நகர வரலாறு தாராளமாக ஏற்றுக்கொண்டது.

1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கொழும்போடு கண்டிக்கும் மாநகரசபை வந்தது. சபை வந்தால் வரி வரும், விளக்கு வரும், குப்பை எடுக்கவும் ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் குப்பை மட்டுமா? வாளிக் கக்கூசு. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. வீட்டின் பின்புறம் ஒரு சின்னக் கதவு, அதற்குள் வாளி, விடியுமுன் ஒருவர் வந்து அதைத் தலையிலோ வண்டியிலோ எடுத்துக்கொண்டு போவார். அந்த வேலைக்கு உள்ளூரில் யாரும் வரவில்லை. தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த அதே வழியில் இந்த வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் ஊரிலேயே ஒடுக்கப்பட்ட சாதியினர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அருந்ததியர் குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. கண்டியில் அவர்களுக்கு லயம் கிடைத்த இடம் மஹியாவை.

ஏன் மஹியாவை? ஒரு நகரம் தனக்கு வேண்டியதை நடுவில் வைக்கும், பார்க்க விரும்பாததை விளிம்பில் வைக்கும். மாளிகைக்குப் பக்கத்திலுள்ள ஆங்கிலேயர் படைமுகாம் மயானத்தில் 1870களில் அடக்கம் செய்வதை நிறுத்தினார்கள். நகரத்தின் பொது மயானம் மஹியாவையில் அமைந்தது. மயானமும் துப்புரவுத் தொழிலாளர் லயமும் ஒரே பக்கத்தில் வந்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. கண்டியில் பெரிய மனிதர் எல்லோரும் ஒருநாள் மஹியாவைக்கு வருவார்கள் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இனி அங்கே இருக்கும் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லயத்துக் காம்பரா பிள்ளைகள் கலியாணம் கட்டக் கட்ட முன்னுக்கு ஒரு பத்தி இறக்கி, பின்னுக்கு ஒரு தட்டி வைத்து, மேலே ஒரு மாடி எழுப்பி வளர்ந்தது. இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய வழிகள், அதில் படிகள், படிக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு பூச்சாடி. பெற்றோல் டின்னில் மல்லிகை வைத்திருப்பார்கள். மாரியம்மன் திருவிழாக் காலத்தில் கரகமும் தீச்சட்டியும் வரும். அடுத்த தெருவில் பாங்கு சொல்லும். முஸ்லிம் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் மஹியாவையில் நிறையவே உண்டு. வெசாக் கூடும், நோன்புக் கஞ்சியும், தைப்பொங்கலும் ஒரே வழியால் வீட்டுக்கு வீடு போய்வரும். அங்கே வளர்ந்த பிள்ளை தமிழில் அழுதுவிட்டுச் சிங்களத்தில் சிரிக்கும் என்று என் அம்மா சொல்வார். நமது கல்லூரியில் இரண்டாம் மொழிக்கு நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் அந்தப் பிள்ளைகள் மொழி ஆசிரியைகளாக வந்திருக்க வேண்டும்.

இவ்வளவு கலந்து வாழ்கிற இடத்தின் பெயரைத்தான் பிள்ளைகள் விலாசத்தில் எழுதத் தயங்குகிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'கட்டுகஸ்தோட்டை வீதி, கண்டி' என்று எழுதுவார்கள். அது பொய்யும் அல்ல. சிலர் பெயரையே மாற்றிச் சிங்களப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துச் சமூகவியல் பேராசிரியர் காலிங்க டியூடர் சில்வா நகரத்து வறிய குடியிருப்புகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். இலங்கையில் சாதி வெளியே பேசப்படாமலே உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி அவரும் இன்னும் இருவரும் 2009இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். நம் நாட்டில் தமிழர் சாதியைப் பற்றி யாழ்ப்பாணத்தை வைத்துத்தான் பேசுவோம். கண்டியில் அது இல்லை என்று நாங்கள் சுகமாக நினைத்துக்கொள்வோம்.

என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்த ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த உரைக்கு முன் தொலைபேசியில் அவளிடம் கேட்டேன். "சொல்லு, பெயரைப் போடாதே" என்றாள். ஆகவே பெயர் இல்லை. காலையில் எங்கள் வகுப்பில் முதலாவதாக வந்திருப்பது அவள்தான். வெள்ளைச் சீருடை சலவைக்காரர் வீட்டிலிருந்து வந்ததுபோல் இருக்கும். புதுத் தவணையில் இடாப்புக்கு விலாசம் கேட்டால் "கட்டுகஸ்தோட்டை வீதி, மிஸ்" என்று இலக்கத்தை முணுமுணுப்பாள். எந்த வீடு என்று நாங்கள் கேட்டதும் இல்லை, அவள் கூட்டிப்போனதும் இல்லை. பாடசாலை விட்டு முப்பது வருடம் கழித்துத்தான் சொன்னாள். அவளுடைய அம்மா மாநகரசபையில் வீதி கூட்டுபவர். கல்லூரி வாசலுக்கு முன்னுள்ள வீதி அந்த அம்மாவின் பங்கு. விடிய ஐந்தரைக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் எங்கள் வாசலைத் தாண்டிவிடுவார். சில நாளில் சுணங்கிவிடும். அப்போது மகள் வெள்ளை உடுப்போடு வீதியைக் கடப்பாள். அம்மா குனிந்த தலையை நிமிர்த்த மாட்டார். அது இருவரும் பேசி வைத்துக்கொண்டது. "அம்மாதான் முதலில் சொன்னது" என்றாள். "என்னைப் பார்த்துச் சிரிச்சிடாதே, உன்னோட படிக்கிற பிள்ளைங்க பார்த்திருவாங்க."

அவள் பிறகு தாதியர் பயிற்சிக்குப் போனாள். நல்ல நிலையில் ஓய்வுபெற்றாள். நம் சங்கத்தில் ஆயுட்கால அங்கத்தவர். அங்கத்தவர் பட்டியலில் இன்றும் அவளுடைய விலாசம் கட்டுகஸ்தோட்டை வீதிதான்.

அந்த அம்மாவுக்கு வாக்குரிமை எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். பெண்கள் சங்கம் நடத்தும் நூற்றாண்டு இது. 1920களின் கடைசியில் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சாட்சியம் சொன்னவர்களில் நம் கண்டியைச் சேர்ந்த அக்னஸ் டி சில்வா முக்கியமானவர். இந்தியத் தமிழ்த் தொழிலாளப் பெண்களுக்குமா என்று டொனமூர் பிரபு கேட்டார். அவர்களும் பெண்கள்தானே என்று அவர் தயங்காமல் பதில் சொன்னார். அவருடைய கணவர் ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் பெயரில் கண்டியில் பூங்கா இருக்கிறது. அந்த அம்மையாரின் பெயரை நகரத்தில் எங்கே பார்க்கலாம் என்று நீங்களே தேடிப் பாருங்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரை நாடற்றவர்கள் ஆக்கியது. வாக்கும் போயிற்று. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். ராஜபிஹில்ல மாவத்தையில் இருக்கும் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்துக்கு மலையேறிக் கடதாசியோடு நின்ற கூட்டத்தில் தோட்டத்தவர்கள் மட்டும் இருந்திருப்பார்களா? டவுனில் துப்புரவு வேலை செய்தவர்களுக்கும் அதே சட்டம்தான். மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி நகரத்தை நாற்பது வருடம் கூட்டிய பிறகுதான் அந்த நகரத்தின் பிரஜை ஆனார்.

1983 ஜூலையில் கொழும்பு வீதியிலும் காசில் வீதியிலும் கடைகள் எரிந்தன. என் தகப்பனார் கணக்கெழுதிய புடைவைக் கடையும் போயிற்று. எங்களை இரண்டு இரவு வைத்திருந்தது ஒரு முஸ்லிம் வீடு. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். எரிந்த கடைகளின் சாம்பலை அள்ளி வீதியைக் கழுவியவர்கள் யார் என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன். ஊரடங்கிலும் அவர்களுக்கு வேலை இருந்தது.

இப்போது நம் சங்கத்துக்கு வருகிறேன். முதலாம் தர அனுமதியைப் பற்றிக் கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் இருக்கிறது. பாடசாலைக்கு அருகில் குடியிருப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம், ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு 15 வீதம், மீதி மற்றப் பிரிவுகளுக்கு. இந்த 25 வீதத்தைப் பற்றி நமது ஒவ்வொரு வருடாந்தப் பொதுக்கூட்டத்திலும் காரசாரமாகப் பேசியிருக்கிறோம். அந்த 50 வீதத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

மஹியாவை நமது வாசலிலிருந்து நடந்து போகும் தூரம். ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு இடம் சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிட்ட இருந்தால் மட்டும் போதாது. இருப்பதைக் கடதாசியில் காட்ட வேண்டும். உறுதி யார் பெயரில், வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா, தேர்தல் இடாப்பில் அப்பாவும் அம்மாவும் இத்தனை வருடமாக இருக்கிறார்களா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. மூன்று தலைமுறையாக ஒரே காம்பராவில் இருக்கும் குடும்பத்துக்கு உறுதி எங்கே இருக்கும்? அது வேலையோடு வந்த வீடு. தாத்தாவின் பெயரில் ஒரு பழைய துண்டு இருந்தால் பெரிது. போன வருடம் வந்து வீடு வாங்கியவருக்கு உறுதி கையில் இருக்கிறது. சுற்றுநிருபத்தில் சாதி என்ற சொல்லே இல்லை. அதை எழுதியவர்கள் மஹியாவையை நினைத்து எழுதவும் இல்லை. நேர்முகப் பரீட்சையில் மட்டும் அந்த அம்மாவின் கோப்பு மெலிந்து கிடக்கும்.

சுற்றுநிருபத்தை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. நம்மால் செய்யக்கூடியது சிறியது. எந்தக் கடதாசிக்கு எத்தனை புள்ளி என்று அந்தத் தாய்மாருக்கு யாரும் சொல்வதில்லை. மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், பிள்ளையின் தடுப்பூசி அட்டை, கிராம சேவகரின் அத்தாட்சி, தேர்தல் இடாப்புப் பிரதி என்று சேர்த்துக் கட்டினால் கோப்பு கொஞ்சம் தடிக்கும். அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். இடாப்பில் பெயரில்லாவிட்டால் ஐந்து வருடத்துக்கு முன். பிள்ளை பிறந்த அன்றே தொடங்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

இரண்டாவது, நமது நூற்றாண்டுப் புலமைப்பரிசில். அதன் விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தேன். நன்றாகத் தயாரித்திருக்கிறார்கள். பெயருக்கு அடுத்த வரியே 'தந்தையின் தொழில்', அதற்கு அடுத்தது 'நிரந்தர வதிவிடம்'. பத்து வயதுப் பிள்ளை ஒன்று பேனையை வைத்துக்கொண்டு அந்த இரண்டு வரியிலும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அந்தப் படிவத்தை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வருமானத்தைக் கேளுங்கள், அது தேவை. அதைத் தாய் தனித் தாளில் எழுதி ஒட்டிக் கொடுக்கட்டும். மற்ற இரண்டு வரியையும் எடுத்துவிடலாம். செயற்குழு இதற்குச் சம்மதித்துவிட்டதாகப் பொருளாளர் அக்கா இப்போது தலையாட்டுகிறார். நன்றி, அக்கா.

விண்ணப்பங்கள் வழக்கமாக ஆண்டு நடுப்பகுதியில்தான் கோரப்படும். அதற்கு முன் மூன்று சனிக்கிழமைகள், காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, மஹியாவையிலேயே ஒரு மேசை போடப் போகிறோம். தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த நான்கு பேர் வேண்டும், போட்டோக்கொப்பி செலவுக்கு ஒருவர் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தச் செலவை ஏற்கலாம். மற்றவர்கள் நேரில் வாருங்கள். மணிக்கூண்டிலிருந்து எட்டேகாலுக்கு நடந்து போவோம், பஸ் வேண்டாம். படிகள் அதிகம், தட்டைச் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் கொடுக்கும் தாள் மண்டப வாசலில் வலது பக்கத்து மேசையில் இருக்கிறது. முதலாவது பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. நான் சொன்ன தோழிதான் எழுதினாள். விலாசத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறாள் என்று போகும்போது நீங்களே பாருங்கள்.